பழைய காருக்கு ரெவ் லிமிட்டர்: எண்ணுவது எளிது, எந்த நொடியில் வெட்டுவது என்பதே வேலை

பாயிண்ட் (காயில் மின்னோட்டத்தை இணைத்து அறுக்கும் இயந்திர சுவிட்ச்), காயில் (பொறிக்கான உயர் அழுத்தத்தை உண்டாக்கும் சுருள்), கார்புரேட்டர் என்று ஓடும் பழைய காரில் எஞ்சின் வேகத்துக்கு எல்லை வைக்க ஓட்டுபவரின் வலது பாதத்தைத் தவிர வேறு எதுவும் கிடையாது. ஆக்சிலரேட்டர் கேபிள் சிக்கிக்கொண்டாலும், கிளட்ச் வழுக்கினாலும், கியர் நியூட்ரலுக்கு நழுவினாலும் எஞ்சின் வேகத்தைக் காட்டும் டேக்கோமீட்டரின் முள் சிவப்புக் கோட்டைத் தாண்டிவிடும். பொறியையோ பெட்ரோலையோ வெட்டி அதைத் தடுப்பதுதான் ரெவ் லிமிட்டர்.

தாண்டினால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். பிஸ்டன், பின், ரிங், கனெக்டிங் ராடின் மேல் பகுதி எல்லாம் சேர்ந்து அரை கிலோ, ஸ்ட்ரோக் 80 மில்லிமீட்டர் என்று கொள்வோம். 6000 ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு 6000 சுற்று) மேல் முனையில் பிஸ்டனை நிறுத்தித் திருப்ப சுமார் 10,000 நியூட்டன் விசை வேண்டும். ஒரு டன் எடையைத் தொங்கவிட்டதற்குச் சமம். 7000 ஆர்பிஎம்மில் அதே விசை 13,800 நியூட்டனைத் தொடும். வேகம் ஆறில் ஒரு பங்குதான் கூடியது. விசை மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கூடிவிட்டது, ஏனென்றால் அது வேகத்தின் இருபடியில் ஏறுகிறது. எக்ஸாஸ்ட் ஸ்ட்ரோக்கின் முடிவில் பிஸ்டனுக்கு மேலே எதிர்த்து அழுத்த வாயு இருக்காது. அந்தச் சுமை முழுவதும் கனெக்டிங் ராடு போல்ட்டுகளின் மேல் விழும். வால்வு ஸ்பிரிங் தளர்ந்திருந்தால் அதற்கு முன்பே வால்வு கேமைப் பின்பற்ற முடியாமல் மிதக்க ஆரம்பித்துவிடும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஐந்தாவது கியரிலிருந்து நான்காவதுக்குப் பதில் தவறி இரண்டாவதில் போட்டால் எஞ்சினைச் சுற்றுவது பெட்ரோல் இல்லை, சக்கரம். பொறியை நிறுத்துவதால் சக்கரம் நிற்காது. அந்தத் தவறிலிருந்து எந்த லிமிட்டரும் காப்பாற்றாது.

இன்னொன்று: காரில் பின்னாளில் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் பொருத்தப்பட்டிருந்தால் பொறியை வெட்டும் முறை வேண்டாம். எரியாத பெட்ரோல் கன்வெர்ட்டருக்குள் போய் எரிந்து அதன் உட்பகுதியை உருக்கிவிடும். அங்கே பெட்ரோலை நிறுத்தும் முறைதான் சரி. கீழே வருவது எல்லாம் நெகட்டிவ் எர்த் உள்ள, கார்புரேட்டர் வைத்த, ஒற்றைக் காயில் ஓடும் நான்கு சிலிண்டர் எஞ்சினுக்கு. பாசிட்டிவ் எர்த் வண்டிக்கு இந்தச் சுற்றை அப்படியே போட்டால் முதல் நொடியிலேயே புகையும்.

தவறான நேரத்தில் வெட்டினால்

நான்கு சிலிண்டர், நான்கு ஸ்ட்ரோக் எஞ்சின் ஒரு சுற்றுக்கு இரண்டு பொறி கொடுக்கும். 6000 ஆர்பிஎம்மில் நொடிக்கு 200 பொறி, இரண்டு பொறிகளுக்கு இடையில் 5 மில்லிவிநாடி. 6500-இல் 4.615 மில்லிவிநாடி. இதை அளப்பது எந்தச் சிறு மைக்ரோகண்ட்ரோலருக்கும் பொழுதுபோக்கு. வீட்டில் செய்யும் லிமிட்டர்கள் கெடுவது அளப்பதில் இல்லை, வெட்டும் நொடியில்.

பாயிண்ட் மூடியிருக்கும்போது காயிலில் மின்னோட்டம் ஏறுகிறது. இந்த நேரத்துக்கு டுவெல் என்று பெயர். பாயிண்ட் திறந்ததும் மின்னோட்டம் அறுந்து பொறி பிறக்கிறது. அதாவது, மின்னோட்டத்தை யார் அறுத்தாலும் பொறி வரும். பாயிண்ட் அறுத்தால் மட்டும்தான் வரும் என்று இல்லை.

காயிலுக்குப் போகும் 12 வோல்ட் வயரில் ஒரு ரிலே வைத்து, வேகம் கூடியதும் அதைத் திறக்கும் முறையைப் பலர் செய்கிறார்கள். ரிலே திறக்கும் நொடி டுவெல்லின் நடுவில் விழுந்தால், அடுத்த சிலிண்டருக்கு 40, 50 டிகிரி முன்கூட்டியே ஒரு பொறி கிடைக்கிறது. அந்த நேரத்தில், பொறியை சிலிண்டர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டரில் சுழலும் ரோட்டார் இரண்டு முனைகளுக்கு நடுவில் நிற்கும். பொறி எந்தப் பக்கம் பாயும் என்று சொல்ல முடியாது. எஞ்சினைக் காக்க வைத்த பெட்டி, எஞ்சின் உச்ச வேகத்தில் இருக்கும் நேரத்தில் பிஸ்டன் தலையில் சுத்தியால் அடிக்கிறது.

இன்னொரு முறை, வேகம் கூடியதும் பாயிண்டைக் குறுக்கே எர்த் செய்துவிடுவது. பாயிண்ட் திறந்தாலும் காயில் மின்னோட்டம் அறுவதில்லை, ஆகவே பொறி இல்லை. வெட்டத் தொடங்கும் நொடியில் தவறான பொறி வராது என்பது இதன் நல்ல பக்கம். ஆனால் விடும் நொடியில் பாயிண்ட் திறந்திருந்தால் அப்போதே ஒரு பொறி வரும். அது 70 டிகிரி வரை தாமதமாக வரலாம். கலவை எரிந்து முடிவதற்குள் எக்ஸாஸ்ட் வால்வு திறந்து, சைலன்சருக்குள் வெடிக்கும்.

இரண்டிலிருந்தும் கிடைக்கும் விதி ஒன்றே: வெட்டத் தொடங்குவதும் விடுவதும் பாயிண்ட் திறந்திருக்கும்போது, காயிலில் மின்னோட்டம் இல்லாதபோது மட்டுமே நடக்க வேண்டும். ஓடும் மின்னோட்டத்தை நிறுத்துவது லிமிட்டரின் வேலை இல்லை. அடுத்த மின்னோட்டம் தொடங்காமல் பார்த்துக்கொள்வதுதான் அதன் வேலை. கீழே உள்ள சுற்று முழுவதும் இந்த விதியைச் சுற்றிக் கட்டப்பட்டது.

சில பழைய டிஸ்ட்ரிபியூட்டர்களில் ரோட்டாரிலேயே லிமிட்டர் இருக்கும். பாஷ் தயாரித்த சில ரோட்டார்களில் ஸ்பிரிங்கோடு ஒரு சிறு எடை உண்டு. வேகம் கூடும்போது எடை விலகி உயர் அழுத்தத்தை டிஸ்ட்ரிபியூட்டர் தண்டுக்கே எர்த் செய்துவிடும். நல்ல யோசனைதான், ஆனால் ஸ்பிரிங் தளரத் தளர வெட்டும் வேகம் மாறும். மின்னணு லிமிட்டர் போடும்போது சாதாரண ரோட்டாரை மாட்டிவிடுங்கள். இரண்டும் சேர்ந்தால் எது வெட்டுகிறது என்று கண்டுபிடிக்கவே ஒரு நாள் போய்விடும்.

சுற்று

காயில் மின்னோட்டத்தைச் சுமக்கும் வேலையைப் பாயிண்டிடமிருந்து எடுத்து, பற்றவைப்புக்கென்றே செய்த ஐஜிபிடி என்ற பவர் டிரான்சிஸ்டரிடம் கொடுக்கிறோம். ஐஎஸ்எல்9வி3040பி3 பொருத்தமானது: 400 வோல்ட்டில் தன்னைத்தானே பிடித்து நிறுத்திக்கொள்ளும், 300 மில்லிஜூல் ஆற்றலைத் தாங்கும், 5 வோல்ட் சிக்னலுக்கே முழுதாக மின்னோட்டத்தைக் கடத்தும். எழுத்துள்ள பக்கம் உங்களை நோக்கி, கால்கள் கீழே இருக்கும்படி பிடித்தால் இடமிருந்து கேட், கலெக்டர், எமிட்டர். கலெக்டர் காயிலின் மைனஸ் முனைக்கு, எமிட்டர் எர்த்துக்கு.

அதன் உலோக முதுகு கலெக்டரோடு இணைந்தது. ஒவ்வொரு பொறிக்கும் அதில் 400 வோல்ட் வரை ஏறும். மைக்கா அல்லது சிலிகான் தகடும் திருகுக்குப் பிளாஸ்டிக் வளையமும் இல்லாமல் பெட்டியில் முறுக்கினால் காயில் மைனஸ் நேராக எர்த் ஆகிவிடும். காயில் கொதிக்கும், பொறி வராது. பொருத்திய பின் முதுகுக்கும் பெட்டிக்கும் இடையே மல்டிமீட்டரில் இணைப்பு காட்டவில்லை என்று உறுதி செய்யாமல் மின்சாரம் கொடுக்காதீர்கள்.

பாயிண்ட் இனி வெறும் சிக்னல் சுவிட்ச். ஆனால் அதன் வழியாகச் சில மில்லிஆம்பியர் மட்டும் ஓடவிட்டால் முனைகளில் படியும் எண்ணெய்ப் படலமும் ஆக்சைடும் எரிந்து போகாது. சில வாரங்களில் சிக்னல் விட்டு விட்டு வரும். அதனால் 12 வோல்ட்டிலிருந்து பாயிண்டுக்கு 68 ஓம் ரெசிஸ்டர் ஒன்று. 14 வோல்ட்டில் சுமார் 200 மில்லிஆம்பியர் ஓடும், 2.9 வாட் சூடாகும். 10 வாட் பீங்கான் ரெசிஸ்டர் போடுங்கள், போர்டைத் தொடாமல் உயர்த்தி வையுங்கள். பாயிண்டோடு இணைந்த கண்டென்சரைக் கழற்ற வேண்டாம். அது சேர்க்கும் தாமதம் ஒரு மைக்ரோவிநாடி அளவுதான். பின்னால் பழைய முறைக்குத் திரும்ப அது அங்கேயே இருப்பது நல்லது.

அடுத்து மூன்று சிறு டிரான்சிஸ்டர்கள், மூன்றும் பிசி547.

முதலாவதின் பேஸுக்குப் பாயிண்டிலிருந்து 10 கிலோஓம் வழியாக இணைப்பு, பேஸிலிருந்து எர்த்துக்கு 10 நானோஃபாரட். அதன் கலெக்டர் ஐஜிபிடியின் கேட்டோடு சேரும்; கேட்டிலிருந்து 5 வோல்ட்டுக்கு 470 ஓம். பாயிண்ட் மூடினால் டிரான்சிஸ்டர் அணையும், கேட் உயரும், காயில் நிரம்பும். பாயிண்ட் திறந்தால் டிரான்சிஸ்டர் இயங்கும், கேட் எர்த்துக்கு இறங்கும், பொறி வரும். அந்த 10 நானோஃபாரட்டால் வரும் தாமதம் 5 மைக்ரோவிநாடி அளவு. 6500 ஆர்பிஎம்மில் 0.2 டிகிரி. டைமிங்கில் தெரியாது. இதில் மைக்ரோகண்ட்ரோலர் இன்னும் வரவே இல்லை என்பதைக் கவனியுங்கள்.

இரண்டாவது டிரான்சிஸ்டரின் கலெக்டரும் அதே கேட்டில் சேரும். அதன் பேஸ் மைக்ரோகண்ட்ரோலரின் ஒரு பின்னுக்கு 4.7 கிலோஓம் வழியாகவும், எர்த்துக்கு 10 கிலோஓம் வழியாகவும் போகும். மைக்ரோகண்ட்ரோலர் அந்தப் பின்னை உயர்த்தினால் கேட் கீழேயே பிடித்து வைக்கப்படும், பாயிண்ட் மூடினாலும் காயிலில் மின்னோட்டம் தொடங்காது. பின் சும்மா கிடந்தால், அதாவது சிப் ரீசெட்டில் இருந்தாலோ செத்தே போயிருந்தாலோ, 10 கிலோஓம் இந்த டிரான்சிஸ்டரை அணைத்தே வைத்திருக்கும். எஞ்சின் சாதாரண டிரான்சிஸ்டர் பற்றவைப்பில் ஓடிக்கொண்டே இருக்கும். முந்திச் செல்லும் நேரத்தில் சிப் ஒன்று ரீசெட் ஆகி எஞ்சின் அணைந்தால் அது லிமிட்டர் இல்லை, ஆபத்து. பொறிக்கான சிக்னல் முழுவதையும் சிப் வழியாக அனுப்பும் வடிவமைப்பை நான் பரிந்துரைக்காததற்கு இதுதான் காரணம்.

மூன்றாவது டிரான்சிஸ்டர் வேகத்தைப் படிக்க மட்டும். பேஸ் பாயிண்டிலிருந்து இன்னொரு 10 கிலோஓம் வழியாக, கலெக்டர் ஆர்டுயினோ நானோ என்ற சிறு மைக்ரோகண்ட்ரோலர் போர்டின் டி2 பின்னுக்கு, அங்கிருந்து 5 வோல்ட்டுக்கு 4.7 கிலோஓம். பாயிண்ட் திறக்கும்போது டி2 கீழே இறங்கும்.

வேகத்தைக் காயில் மைனஸிலிருந்து ஏன் எடுக்கக் கூடாது என்று கேட்கலாம். லிமிட்டர் வெட்டும்போது காயிலில் பொறி இல்லை, ஆகவே அங்கே சிக்னலும் இல்லை. எஞ்சின் நின்றுவிட்டது என்று சிப் முடிவு செய்து வெட்டுவதை விட்டுவிடும். உடனே மறுபடி வேகம் கூடும், மறுபடி வெட்டும். காயில் மைனஸில் கண் வைக்கும் பல லிமிட்டர்கள் எல்லையில் குதிரை போலத் துள்ளுவது இதனால்தான். முதல் டிரான்சிஸ்டரின் கலெக்டரிலிருந்து எடுத்தாலும் இதே கதி. பாயிண்டிடம் நேராகக் கேட்டால் மட்டுமே, வெட்டும் நேரத்திலும் உண்மை வேகம் தெரியும்.

பிசி547-க்குப் பதில் 2என்3904 கிடைத்தால் போடலாம், ஆனால் கால்கள் தலைகீழ். தட்டையான பக்கம் உங்களைப் பார்க்க, 547-க்கு கலெக்டர், பேஸ், எமிட்டர். 3904-க்கு எமிட்டர், பேஸ், கலெக்டர்.

மின்சாரம்

பெட்டிக்கான 12 வோல்ட்டை எங்கிருந்து எடுக்கிறீர்கள் என்பதில் இரண்டு பொறிகள் உண்டு, எலிப்பொறி என்ற பொருளில். காயிலுக்கு முன்னால் தொடராக பேலஸ்ட் ரெசிஸ்டர் உள்ள காரில் காயிலின் பிளஸ் முனையில் எடுத்தால், காயில் நிரம்பும்போதெல்லாம் அங்கே வோல்ட்டேஜ் பாதியாகச் சரியும். பேலஸ்ட்டுக்கு முன்னால், சாவியிலிருந்து வரும் வயரில் எடுங்கள். ரேடியோவுக்குப் போகும் வயரில் எடுத்தால், ஸ்டார்ட்டர் சுற்றும்போது அந்த வயர் செத்துவிடும் கார்கள் நிறைய. எஞ்சின் சாவியை விடும் நொடியில் மட்டும் ஒரு முறை உறுமி நிற்கிறது என்றால் இதைத்தான் பார்க்க வேண்டும்.

வரிசை இது: 1 ஆம்பியர் ஃபியூஸ், எர்த்துக்குக் குறுக்கே 1.5கேஇ24ஏ வகை டிரான்சியன்ட் சப்ரெஸர், இங்கிருந்து 68 ஓம் ரெசிஸ்டருக்குக் கிளை. பிறகு 1என்4007 டயோடு, 470 மைக்ரோஃபாரட் 50 வோல்ட் கெபாசிட்டர், எல்எம்2940 ரெகுலேட்டரின் 5 வோல்ட் வகை. 7805 வேண்டாம். அதற்கு உள்ளே குறைந்தது 7 வோல்ட் வேண்டும். டயோடின் சரிவையும் சேர்த்தால் 7.8. குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட்டர் இழுக்கும்போது பேட்டரி அதற்குக் கீழே போகலாம். எல்எம்2940 சுமார் 6 வோல்ட் வரை தாக்குப்பிடிக்கும். ஆனால் அதன் வெளியீட்டில் 22 மைக்ரோஃபாரட்டுக்குக் குறையாத எலெக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டர் கால்களுக்கு அருகிலேயே இருக்க வேண்டும், 47 போடுங்கள். செராமிக் மட்டும் வைத்தால் ரெகுலேட்டர் அலைபாயும், 5 வோல்ட் நிலையாக இருக்காது. நானோவுக்கு இந்த 5 வோல்ட்டை அதன் 5 வோல்ட் பின்னிலேயே கொடுங்கள், விஐஎன் பின்னில் இல்லை.

சிப்புக்குச் சொல்ல வேண்டியவை

டி2 கீழே இறங்கும் நொடியின் நேரத்தைக் குறித்துக்கொள்ள ஒரு இன்டரப்ட் (சிக்னல் மாறிய உடனே மற்ற வேலையை நிறுத்திவிட்டு சிப் அதைக் கவனிக்கும் வசதி). 16 மெகாஹெர்ட்ஸ் நானோவின் மைக்ரோவிநாடிக் கடிகாரம் 4 மைக்ரோவிநாடிப் படிகளில் நகரும். 6500-இல் ஒரு இடைவெளிக்கு 6 ஆர்பிஎம் துல்லியம், தாராளம்.

குறித்த உடனே நம்பக் கூடாது. பாயிண்ட் மூடும்போது துள்ளும், அந்தத் துள்ளல் ஒவ்வொன்றும் திறப்பு போலவே தெரியும். இதில் ஒரு விசித்திரமான கோளாறு ஒளிந்திருக்கிறது. நான்கு சிலிண்டர் டிஸ்ட்ரிபியூட்டரில் பாயிண்ட் திறந்திருப்பது 90 டிகிரியில் சுமார் 35 டிகிரி. திறப்பிலிருந்து மூடும் வரை உள்ள நேரம் மொத்த இடைவெளியில் 39 சதவீதம். 2500 ஆர்பிஎம்மில் இது ஏறத்தாழ 4.7 மில்லிவிநாடி. அந்தத் துள்ளலை அடுத்த பொறி என்று எண்ணினால் சிப்புக்கு வேகம் 6400 என்று தெரியும். சாதாரணமாக ஓட்டும்போது 2500-க்கு அருகில் மட்டும் எஞ்சின் இருமுகிறது, மேலே போனால் சரியாகிவிடுகிறது என்றால் கார்புரேட்டரைப் பிரிக்க வேண்டாம், துள்ளலைச் சந்தேகியுங்கள்.

மருந்து எளிது. குறித்த பின் 300 மைக்ரோவிநாடி காத்திருந்து, அந்த நேரம் முழுவதும் டி2 கீழேயே இருந்ததா என்று பார்க்க வேண்டும். இருந்தால் உண்மைத் திறப்பு. நடுவில் ஒரு முறை எழுந்திருந்தாலும் துள்ளல் என்று தள்ளிவிட வேண்டும். காத்திருக்கும்போது வரும் புதிய இன்டரப்ட் பழைய குறிப்பை அழிக்காதபடி பார்த்துக்கொள்ளுங்கள்.

ஏற்றுக்கொண்ட இடைவெளிகளில் கடைசி நான்கை ஒரு வரிசையில் வைத்து கூட்டுங்கள். டிஸ்ட்ரிபியூட்டர் கேமின் நான்கு முனைகளும் ஒரே மாதிரி தேய்ந்திருக்காது. ஒரு முனையில் 2 டிகிரி பிசகு இருந்தால் தனி இடைவெளி 6500-இல் ஏறக்குறைய 145 ஆர்பிஎம் பொய் சொல்லும். நான்கையும் கூட்டினால் ரோட்டார் ஒரு முழுச் சுற்று வந்துவிடுகிறது, பிசகு தன்னைத்தானே அடித்துக்கொள்கிறது. இன்னொரு வசதியும் உண்டு. ரோட்டார் ஒரு சுற்று என்பது எத்தனை சிலிண்டரானாலும் கிராங்க் இரண்டு சுற்று. ஆகவே கூட்டுத்தொகை மைக்ரோவிநாடியில் எப்போதும் 12 கோடியை ஆர்பிஎம்மால் வகுத்தது. 6300-க்கு 19,048, 6400-க்கு 18,750, 6500-க்கு 18,462. ஆறு சிலிண்டருக்கு ஆறைக் கூட்டினாலும் இதே எண்கள்தான். சிப்பை வகுக்கச் சொல்லாமல் நேரத்தையே இந்த எண்களோடு ஒப்பிடுங்கள்.

கூட்டிய கையோடு, அடுத்த டுவெல் வேண்டுமா வேண்டாமா என்று முடிவு செய்து இரண்டாவது டிரான்சிஸ்டரின் பின்னை மாற்றிவிட வேண்டும். பாயிண்ட் திறந்து 300 மைக்ரோவிநாடிதான் ஆகியிருக்கிறது. 6500-இல் அது இன்னும் 1.5 மில்லிவிநாடி திறந்திருக்கும். வெட்டுவதும் விடுவதும் இங்கே மட்டுமே நடப்பதால், மேலே சொன்ன விதி தானாகவே காக்கப்படுகிறது. நிரலில் வேறு எந்த இடத்திலும் அந்தப் பின்னைத் தொடாதீர்கள். ஒரே விதிவிலக்கு: அரை விநாடி எந்தத் திறப்பும் வராவிட்டால் பின்னை இறக்கி, வரிசையை அழித்துவிடலாம். வரிசை நிரம்பும் வரை எந்த முடிவும் எடுக்க வேண்டாம்.

சாவி போட்டு எஞ்சின் ஓடாமல் நின்றால் காயில் சூடாகாதபடி சிப்பே அணைக்கட்டும் என்று ஒரு ஆசை எல்லோருக்கும் வரும். வேண்டாம். பாயிண்ட் மூடியிருக்கும்போது அப்படி அணைத்தால் அந்த நொடியில் ஒரு பொறி வரும், அதுவும் யாரோ பானட்டைத் திறந்து கைவிட்டிருக்கும் நேரமாகவே இருக்கும்.

எத்தனை பொறியை விழுங்குவது

6500-இல் சட்டென்று எல்லாப் பொறியையும் நிறுத்தினால் சுவரில் முட்டியது போல இருக்கும். வளைவில் பின் சக்கரங்களின் பிடிப்பும் குலையும். படிப்படியாகச் செய்யலாம்: 6300-ஐத் தாண்டினால் ஐந்தில் ஒரு பொறி, 6400-ஐத் தாண்டினால் மூன்றில் ஒன்று, 6500-ஐத் தாண்டினால் எல்லாம்; 6350-க்குக் கீழே இறங்கியதும் முழு வெட்டு நீங்கும்.

ஏன் ஐந்தும் மூன்றும்? நான்கில் ஒன்றை விழுங்கினால் அது எப்போதும் ஒரே சிலிண்டராக இருக்கும். அந்த சிலிண்டரின் பிளக் மட்டும் பெட்ரோலில் நனையும், சுவரில் உள்ள எண்ணெய் கழுவப்படும், எஞ்சின் நொண்டும். ஐந்தில் ஒன்று என்றால் வெட்டு ஒவ்வொரு முறையும் அடுத்த சிலிண்டருக்கு நகரும். விழுங்கும் எண்ணுக்கும் சிலிண்டர் எண்ணிக்கைக்கும் பொது வகுத்தி இருக்கக் கூடாது. ஆறு சிலிண்டருக்கு மூன்று ஆகாது. ஏழும் ஐந்தும் போடுங்கள்.

முழு வெட்டு நீங்கும் வேகத்தை ரொம்பக் கீழே வைக்காதீர்கள். கார்புரேட்டர் வெட்டை அறியாது, பெட்ரோலை ஊற்றிக்கொண்டே இருக்கும். வெட்டு நீளும் அளவுக்கு சைலன்சரில் எரியாத கலவை சேரும், திரும்ப வரும் முதல் பொறியில் அது வெடிக்கும். 150 ஆர்பிஎம் இடைவெளி போதும்.

எந்த வேகத்தில் எல்லை வைப்பது என்பதற்கு தயாரிப்பாளர் போட்ட சிவப்புக் கோடுதான் தொடக்கம். வால்வு ஸ்பிரிங் மாற்றாத, உள்ளே பிரித்துப் பார்க்காத எஞ்சினுக்கு அதிலிருந்து 300 முதல் 500 வரை குறைத்து வைப்பேன். மீட்டர் முள்ளை வைத்து எல்லையைச் சரிசெய்யாதீர்கள். பழைய டேக்கோமீட்டர் சில நூறு பிசகுவது சகஜம். மேலே உள்ள எண்கள் சிப்பின் கடிகாரத்தோடு ஒப்பிடப்படுபவை, அவற்றை நம்புங்கள். எல்லையை மாற்றத் திருகு ரெசிஸ்டர் வைப்பதும் நல்லதல்ல, அதிர்வில் நகரும்.

பெட்டியும் வயரும்

ஐஜிபிடி ஓடும்போது 1.5 வோல்ட் அளவு எடுத்துக்கொள்ளும், 4 ஆம்பியருக்கு 6 வாட் சூடு. வார்ப்பு அலுமினியப் பெட்டியே ஹீட் சிங்க்காக இருக்கட்டும். அதை எஞ்சினில் இல்லாமல் பாடித் தகட்டில், எக்ஸாஸ்ட்டிலிருந்து தள்ளி முறுக்குங்கள். நானோவை சாக்கெட்டில் செருகாமல் நேராகச் சால்டர் செய்யுங்கள்.

எமிட்டரிலிருந்து எஞ்சின் பிளாக்குக்கு 1.5 சதுர மில்லிமீட்டர் தனி எர்த் வயர். சிறு சுற்றுகளின் எர்த் எல்லாம் எமிட்டர் காலருகே ஒரே புள்ளியில் சேரட்டும். பாயிண்ட் வயரை ஒரு எர்த் வயரோடு முறுக்கி, பிளக் வயர்களிலிருந்து ஒரு சாண் தள்ளிக் கொண்டு போங்கள். பிளக் வயர்கள் செம்புக் கம்பி வகையாக இருந்து, பிளக்கிலும் ரெசிஸ்டர் இல்லாவிட்டால் சிப் அடிக்கடி ரீசெட் ஆகும். கார்பன் வயரோ 5 கிலோஓம் மூடியோ போட்டால் தீரும். காயில் மைனஸில் எந்தக் கெபாசிட்டரும் வேண்டாம்.

காருக்கும் பெட்டிக்கும் இடையே நான்கு முனை இணைப்பான்: 12 வோல்ட், காயில் மைனஸ், பாயிண்ட், எர்த். கூடவே இன்னொரு இணைப்பான் வாங்கி, அதில் காயில் மைனஸையும் பாயிண்டையும் மட்டும் இணைத்து காரிலேயே வையுங்கள். ஐஜிபிடி எரிந்தால் பெட்டியைப் பிடுங்கி இதைச் செருகினால் கார் பழையபடி பாயிண்டில் ஓடும், கண்டென்சர் அங்கேயேதான் இருக்கிறது.

டேஷ்போர்டில் ஒரு சிறு விளக்கும் வேண்டும். சாவி போட்டதும் ஒரு விநாடி எரிந்து அணையட்டும், வெட்டும்போதெல்லாம் எரியட்டும். சிப் செத்தாலும் எஞ்சின் ஓடும்படி செய்திருக்கிறோம். லிமிட்டர் இல்லை என்பதை இந்த விளக்கு எரியாததிலிருந்துதான் அறிய முடியும். வாட்ச்டாக் (நிரல் உறைந்தால் சிப்பைத் தானாக ரீசெட் செய்யும் வசதி) பயன்படுத்தினால் பழைய பூட்லோடர் (சிப் தொடங்கியதும் முதலில் ஓடும் சிறு நிரல்) உள்ள நானோ ரீசெட் சுழலில் மாட்டிக்கொள்ளும், புதிய பூட்லோடரை ஏற்றிக்கொள்ளுங்கள். விளக்கை டி13-இல் இணைக்காதீர்கள், பூட்லோடரே அதைச் சிமிட்டும்.

மேசையில், பிறகு காரில்

மேசையில் பாயிண்டுக்குப் பதில் இன்னொரு நானோவும் ஒரு டிரான்சிஸ்டரும் போதும். அந்த டிரான்சிஸ்டர் 200 மில்லிஆம்பியர் தாங்க வேண்டும். பிசி547-இன் வரம்பு 100, ஆகவே பிடி139 (BD139) போன்ற ஒன்று. 100 ஹெர்ட்ஸ் என்றால் 3000 ஆர்பிஎம், 200 என்றால் 6000. 210-இல் முதல் விழுங்கலும், 213-ஐத் தாண்டி இரண்டாவதும், 217-இல் முழு வெட்டும் வர வேண்டும். காயிலை இணைத்தால் அதன் வெளியீட்டில் ஒரு பிளக் இருக்கட்டும், பிளக்கின் உடல் எர்த்தில் உறுதியாக. வெளியீட்டைத் திறந்து விட்டால் ஆற்றல் போக இடமில்லாமல் காயிலின் உள் காப்பைத் துளைக்கும்.

காரில் முதல் சோதனைக்கு எல்லையை 3000-க்கு இறக்குங்கள்: 2800-க்கு 42,857, 2900-க்கு 41,379, 3000-க்கு 40,000. நியூட்ரலில், கைபிரேக்கோடு, எஞ்சின் சூடான பின். டைமிங் லைட்டின் பிடியை முதல் பிளக் வயரில் போடாமல், காயிலிலிருந்து டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகும் நடு வயரில் போடுங்கள். அப்போது ஒவ்வொரு பொறிக்கும் ஒளி வரும், கப்பியின் கோடு எதிரெதிரே இரண்டு இடங்களில் தெரியும். இப்போது மெதுவாக எல்லையை முட்டுங்கள். கோடு மங்கலாம், விட்டு விட்டுத் தெரியலாம். அந்த இரண்டு இடங்களைத் தவிர வேறெங்கும் மின்னக் கூடாது. வேறு இடத்தில் ஒரு மின்னல் தெரிந்தாலும் வெட்டு டுவெல்லுக்குள் விழுகிறது என்று பொருள். நிரலில் பின்னை மாற்றும் இடத்தையும் 300 மைக்ரோவிநாடிக் காத்திருப்பையும் திரும்பப் பாருங்கள். இது சரியாகும் வரை எல்லையை மேலே ஏற்ற வேண்டாம்.

வெட்டும்போது டேக்கோமீட்டர் முள் சரிவது கோளாறு இல்லை. அது காயிலைப் பார்க்கிறது, காயிலில் பொறி இல்லை.

எல்லாம் சரியென்றால் உண்மை எண்களை ஏற்றி, ஆளில்லாத திறந்த இடத்தில் இரண்டாவது கியரில் ஒரு முறை முட்டிப் பாருங்கள், ஒரு விநாடிக்கு மேல் பிடிக்க வேண்டாம். பிறகு பெட்டியை மூடும் முன், எல்லை எண்கள், ஃபியூஸ் அளவு, நான்கு வயர்களின் நிறம் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி மூடியின் உட்புறம் ஒட்டிவிடுங்கள். அடுத்து அதைத் திறப்பவர் நீங்களாக இல்லாமல் போகலாம்.